முத்திரை சாமியும் மூவுலகிலும் இல்லாத யந்திரமும்

லிங்கராஜபுரத்துக் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் நெரிந்தது. யாருக்கும் கல்யாணம் இல்லை. முத்திரை சாமி வந்திருந்தார். மற்ற சாமியார்கள் பேய் ஓட்டுவார்கள், பிள்ளை வரம் தருவார்கள். இவர் பெங்களூர் சாமி அல்லவா? கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டண்ட் வரம் தந்தார். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம். சாமியாரும் முன்னேற வேண்டாமா?

கண்டுபிடித்தவர் தன் சாமானைப் பெட்டியில் வைத்துப் பட்டுத்துணியால் மூடிக் கொண்டுவர வேண்டும். சாமி கண்ணை மூடி, "மூவுலகிலும் இல்லாத புதுமை!" என்பார். துணியின் மேல் கட்டைவிரலால் குங்கும முத்திரை விழும். பிறகு துணியை விலக்கி, எந்தத் திருகு எங்கே, எது எப்படிச் சுழலும் என்று மைக்கில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒளித்தால் தெய்வக் குற்றம். முன்வரிசை சோபாக்களில் சில பெரிய மனிதர்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என்ன பக்தி!

விஜி குழாய்ச் சாமான் கடையில் வேலை பார்த்தவள். இந்த ஊரில் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும்; அதற்கும் மீட்டர் ஓடும். காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் மீட்டரை ஓடவிடும் வால்வு ஒன்றைப் பல வருஷம் முட்டி மோதிச் செய்திருந்தாள். அதைச் சாமியிடம் கொண்டுபோகாமல் அவள் கணவன் ஜெயராமனுக்குத் தூக்கம் வரவில்லை.

"முத்திரை விழுந்தா ஒருத்தனும் காப்பி அடிக்க முடியாதாம் விஜி."

"மெட்ராஸ்ல பேட்டண்ட் ஆபீஸுக்கே போய்க் கேட்டேங்க. அப்ளிகேஷன் போடறதுக்கு முந்தி ஊரறியச் சொல்லிட்டா, அப்புறம் அது புதுசே இல்லையாம். நாளைக்கு மைக்ல சொன்னா என் வால்வு போச்சு."

"சாமிக்குத் தெரியாத ரூலா? சும்னே பேஜார் பண்ணாதே. பெட்டியோட கிளம்பு."

பெட்டியோடு கிளம்பினாள்.

மேடையில் சாமியின் உடம்பு குலுங்கியது. "ஆஹா! சக்கரங்கள் தெரிகின்றன! மனிதக் கண் பார்த்திராத யந்திரம்!" குங்குமம் விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

விஜி துணியை விலக்கினாள். உள்ளே ஓர் இட்லித் தட்டு. ஓரத்தில் காலை மாவுகூடக் காயவில்லை.

"ஏன் சாமி, இதையா மனுஷக் கண்ணு பாத்ததில்லை? நீங்க காலைல என்ன டிபன்?"

மண்டபமே சிரித்தது. ஜெயராமன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது தெய்வச் சோதனை!" என்று சாமி உறுமினார்.

"சோதனை என்னோடதுதான். இன்னும் ஒண்ணு கேக்கறேன். இங்க மைக்ல சொன்னதுக்கு பேட்டண்ட் கிடைக்காது. யார் வேணா செஞ்சு விக்கலாம். அது முன்னாடி சோபாவுல இருக்கற பட்டறை முதலாளிங்களுக்கு நல்லாத் தெரியும். இத்தனை வாரத்துல இவங்கள்ல ஒருத்தராவது பெட்டி கொண்டு வந்தாங்களா?"

சோபாக்கள் காலியாகத் தொடங்கின. பின்னால் சின்னப்பா எழுந்தார். போன மாதம் தன் துணி பிழியும் மிஷினை மைக்கில் விளக்கியவர்.

"அதே மிஷின் இப்ப கடைல விக்குது. என் புதுமையைத் திருப்பிக் குடு சாமி!"

அதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. பாவம், அந்த மனிதர் அழுதார். சாமியின் ஞானக்கண்ணுக்குப் பின்வாசல் மட்டும் சரியாகத் தெரிந்தது.

மறுநாள் விஜி வால்வோடு சென்னை ரயில் ஏறினாள். கூடவே வந்த ஜெயராமன் மெல்லக் கேட்டான்: "நல்ல நேரம் பாத்து அப்ளிகேஷன் போடலாமா?"

"முந்திப் போட்டவங்களுக்குத்தான் உரிமை. ஆபீஸ் திறந்திருந்தா நல்ல நேரம்ங்க."

மண்டபத்துக் கூட்டம் இப்போது விவேக் நகரில் வேறொரு சாமியைத் தேடுவதாகக் கேள்வி. அன்பர்களே, உங்கள் தலைக்குள் இருக்கும் மூளைக்கு யாரும் பேட்டண்ட் வாங்கிவைக்கவில்லை. நீங்களும் தாராளமாக உபயோகிக்கலாம்.