ஒழுகல் அக்காவும் ஏழாம் நம்பர் பாரமும்

மயிலாப்பூரில் மழை பெய்தால் அது யார் வீட்டுக் கூடத்துக்குள் பெய்ய வேண்டும் என்பதை முடிவு செய்தது வருண பகவான் அல்ல, ஒழுகல் அக்கா. இதை எந்த சந்நிதியில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்ல நான் தயார். அவள் கட்டை பட்ட மாடியில் மழை விழுந்து, வழி கேட்டு, தாழ்வாரக் குழாய் வழியாக மரியாதையாக வெளியே போகும். அவள் கட்டை படாத மாடியில் மழை நேராக இறங்கிச் சாப்பாட்டு இலையில் உட்காரும்.

அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். வக்கீல்கள் குடையை இடுக்கிக்கொள்வதுபோல் கக்கத்தில் எப்போதும் ஒரு மரக்கட்டை. எங்கள் பேட்டையில் மாடி போடுவதென்றால் சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் கலந்து கொட்டி, பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அந்தக் கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அந்த வரிசைக்குத் தலைவி அக்கா. அடித்த மாடியை மறுபடி ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பாள். எங்கே பொக்கு, எங்கே கெட்டி என்று மாடியே அவளிடம் ஒப்புக்கொள்ளும்.

லஸ் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் பூஜை அறைக்கு மேலே ஒழுகியது. வக்கீல் விரலை நீட்டி, "இதோ, இங்கேதான் ஓட்டை" என்றார். அக்கா மாடிக்குப் போய் எதிர்க்கோடியில் இருந்த துளசித் தொட்டியை நகர்த்தச் சொன்னாள். அடியில் விரல் அகலத்துக்கு விரிசல்.

"இங்கே விரிசல் விட்டா அங்கே எப்படிம்மா ஒழுகும்?"

"தண்ணியும் உங்கள மாதிரிதான் சார். நேரா வராது, சுத்தி வளச்சிதான் வரும்."

வக்கீல் அன்று முழுக்கக் கோர்ட்டில் சுருக்கமாகப் பேசினார் என்று கேள்வி.

நான் அவளைச் சந்தித்தது மாடியில் அல்ல, மேஜைக்கு இந்தப் பக்கம். எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்த கையோடு, கட்டட ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்து லைசென்ஸ் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். தற்காலிகம் என்றால் நாற்காலியில் முழுதாக உட்காரக் கூடாது; பாதியில் உட்கார்ந்து, மீதிப் பாதியை நிரந்தரமானவருக்கு விட்டு வைக்க வேண்டும். ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை. யார் எந்தப் பாரம் கேட்டாலும், கேட்கும் முன்பே எடுத்து நீட்டுவேன்.

"இன்னா நைனா, கூர வேல எடுக்குறதுக்கு லைசென்ஸு இங்கதான குடுக்குறாங்கோ?"

"ஆமாம். யாருக்கு?"

"எனுக்குத்தான். பின்ன பக்கத்து வூட்டுப் பூனைக்கா?"

ஏழாம் நம்பர் பாரத்தை நீட்டினேன், நாலாம் வகுப்பு லைசென்ஸுக்கு உரியது. எங்கள் சூப்பரின்டெண்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். விதிப் புத்தகத்தை அவர் படித்து நான் பார்த்ததில்லை. படிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

"யாருக்குடா பாரம் குடுத்துண்டிருக்கே?"

"இவங்களுக்கு சார்."

"பொம்மனாட்டிக்குக் கூரை கான்ட்ராக்டா? ஏம்மா, ஆம்படையான் வரலையா?"

"வர்ல சார். அவுரு செத்து ஒம்போது வருசமாவுது. வந்தாருன்னா நானே பயந்துகினு ஓடிருவேன்."

அவளுக்கு லைசென்ஸ் எதற்கு என்பதை அன்று மாலை அலுவலக வாசல் டீக்கடையில் சொன்னாள். பதினைந்து வருஷம் அவள் ஒரு மேஸ்திரியிடம் வேலை செய்தவள். மேஸ்திரிக்கு மீசை பெரிசு, சுண்ணாம்பில் கை சிறிசு. போன மாதம் ஒரு வீட்டில் அவன் மணலைக் கூட்டிச் சுண்ணாம்பைக் குறைக்கப் போக, அக்கா கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கூடவே பதினோரு பெண்களும் எழுந்து நின்றார்கள். மேஸ்திரி பன்னிரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டான்.

"லைசென்ஸு வெச்சிகீறது நானு, நீ வெறும் கட்டைன்னான் நைனா. சரிதான், கட்ட எத்தன அடி அடிக்கும்னு காட்டணுமா வாணாமா?"

அதோடு நிற்கவில்லை. கால்வாய்க்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாடி மாற்ற டெண்டர் வரப்போகிறது. மேஸ்திரிதான் எடுப்பான் என்று பேட்டைக்கே தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் அக்காவின் பெண் படிக்கிறாள்.

"அவன் போட்டான்னா ரெண்டு மழ தாங்காது. கீய எம் பொண்ணு குந்திகினுகீது. டெண்டருக்கு முன்ன எனுக்குக் காயிதம் வந்தாவணும்."

மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் பாரத்தோடு வந்தாள். எழுதியது என் கை. அவள் நிஜப் பெயரும் எனக்குத் தெரியும். இங்கே அச்சிட மாட்டேன், கட்டையோடு பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிடுவாள். சூப்பரின்டெண்ட் ஒரே பார்வையில் முதல் குறை கண்டார்.

"படிப்பு என்ன?"

"கையெயுத்து."

"அது படிப்பா?"

"நாலாம் வகுப்பு லைசென்ஸுக்குப் படிப்பு இன்னா ஓணும்னு பொஸ்தகத்துல போட்டுகீது சார்? நைனா, படி."

படித்தேன். ஒன்றும் போட்டிருக்கவில்லை. அந்த வார்த்தை அங்கே இல்லாததற்கு என்னையே பொறுப்பாளியாக்குவதுபோல் சூப்பரின்டெண்ட் என்னைப் பார்த்தார். இரண்டாவது குறை: வேலைக் கருவிகளை அதிகாரி முன் காட்ட வேண்டும். "நாளைக்குக் கொண்டா" என்றார், இவளிடம் என்ன இருக்கப் போகிறது என்ற தைரியத்தில்.

மறுநாள் பத்தரை மணிக்கு அக்கா வந்தாள். பின்னால் பதினோரு பெண்கள். ஆளுக்கு ஒரு கட்டை. வரிசையாக உள்ளே வந்து சூப்பரின்டெண்ட் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஊரெல்லாம் முற்றுகைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மனிதர் சத்தமில்லாமல் எழுந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.

"இன்னா சார் அங்க பூட்டீங்க? பன்னெண்டு கட்ட. எண்ணிக்கோங்க."

அலமாரிக்குப் பின்னாலிருந்தே எண்ணினார். சரியாக இருந்தது.

மூன்றாவது குறைதான் நிஜமான குறை. கட்டட உரிமையாளர்கள் கொடுத்த அனுபவச் சான்று வேண்டும். மயிலாப்பூரில் பாதி மாடி அக்கா அடித்தது. ஆனால் சான்று அத்தனையும் மேஸ்திரி பெயரில். வீட்டுக்காரர்கள் கீழே நின்று மேஸ்திரியோடு பேசினார்கள். மேலே யார் குந்தியிருந்தார்கள் என்று அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு.

அக்கா கட்டையைத் தரையில் ஊன்றினாள். பிறகு சொன்னாள்: "நான் அடிச்ச மாடில எல்லாம் தண்ணி பூற வாயில ஒரு பச்ச வளையல் துண்டு பதிச்சிகீறேன் சார். தண்ணிக்கி வழி தெரியணுமே. வேற எவளும் வெக்க மாட்டா. நீங்களே போயி பாருங்க."

இங்கேதான் சூப்பரின்டெண்ட் தன் உத்தியோக வாழ்க்கையின் மிகப் பெரிய தப்பைச் செய்தார். பேனாவைத் திறந்து, கோப்பில், "நேரில் பார்வையிட்டு ஆவன செய்யப்படும்" என்று எழுதினார். எங்கள் அலுவலகத்தில் இந்த வரிக்கு ஒரே அர்த்தம்தான். கோப்புக்கு மாலை போட்டாயிற்று, தூக்க ஆள் வரட்டும். எழுதி முடித்துத் திருப்தியாக மூடினார்.

"இன்னா நைனா எயுதிகீறாரு?"

உரக்கப் படித்தேன். படித்ததோடு நில்லாமல், "குறிப்பு எழுதிய அதிகாரியே பார்வையிடணும்னு பன்னிரண்டாம் விதி சார்" என்றும் சேர்த்துக்கொண்டேன். மூன்று நாளாக அவளுக்குப் படித்துக் காட்டியதில் எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. சூப்பரின்டெண்ட் முகம் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது. விதி அவருடைய விதி, மறுக்க முடியவில்லை.

"அப்ப வாங்க சார்" என்றாள் அக்கா.

"எங்கே?"

"மாடிக்கு."

அவள் கொடுத்த பட்டியலில் இருபத்து மூன்று வீடுகள். மூன்று பார்த்தால் போதும் என்று முடிவாயிற்று. எந்த மூன்று என்பதை அக்கா சொன்னாள். முதல் வீட்டில் மாடி முழுக்க வடாம் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டு அம்மாள் மடிசாரும் கையில் காக்கா ஓட்டும் கழியுமாக நின்று, வடாம் மேல் வேஷ்டி நுனி பட்டாலும் சும்மா விட மாட்டேன் என்றாள். ஐம்பத்து நான்கு வயது சூப்பரின்டெண்ட், கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, பல்லி நகர்வதுபோல் மூலைக்கு நகர்ந்தார். தண்ணீர் வாயில் பச்சை வளையல் பளிச்சென்று இருந்தது. நான் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வீட்டில் படிக்கட்டே இல்லை, ஏணி. ஏறிவிட்டார். வளையலும் இருந்தது. இறங்கத்தான் முடியவில்லை. "நான் இங்கேயே இருந்துக்கறேன், கோப்பை மேலே அனுப்புங்கோ" என்றார். அக்கா கீழே நின்று ஏணியைப் பிடித்தாள்.

"கண்ண மூடிக்கினு எறங்குங்க சார். பாரத்துல குத்தம் தேடுற மாதிரி கீய பாக்காதீங்க."

மூன்றாவது வீடு மாட வீதிக்குப் பின்னால். தெருமுனை திரும்பியதும் சூப்பரின்டெண்டின் நடை குறைந்தது. நீல வாசல் கதவு முன்னால் அக்கா நின்றாள். அவரும் நின்றார்.

"இது நம்ம ஆம்னா."

"ஆமா சார்."

உள்ளேயிருந்து மாமி வந்தாள். கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு மேஸ்திரியைத் துரத்திண்டு மாடியை மூணு சுத்துச் சுத்தினவ நீதானே?"

"நான்தான் மாமி. ரெண்டு மூட்ட சுண்ணாம்ப ஏமாத்தப் பாத்தான்."

"எத்தனை மழை பெய்ஞ்சுது. ஒரு சொட்டு உள்ளே வந்ததுண்டா? இவர்தான் போறவா வரவா கிட்டயெல்லாம் மேஸ்திரி கைராசின்னு சொல்லிண்டிருக்கார்."

மாடிக்குப் போனோம். வளையல் இருந்தது. சூப்பரின்டெண்ட் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"நான் மேஸ்திரிக்குன்னா சான்று குடுத்துட்டேன்" என்றார், யாரிடமோ.

"யாரைக் கேட்டுண்டு குடுத்தேள்? இந்த ஆம் எங்கப்பா என் பேர்ல எழுதி வெச்சது. உரிமையாளர் சான்று யார் குடுக்கணும்?" என்று மாமி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் மாமி" என்றேன். இவ்வளவு வேகமாக நான் எந்தப் பரீட்சையிலும் பதில் சொன்னதில்லை.

மாமி அங்கேயே கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தாள். அன்று மேலே வேலை செய்தது யார், சுண்ணாம்பைக் காப்பாற்றியது யார், ஓடியது யார் என்று எல்லாம் அதில் இருந்தது.

படி இறங்கும்போது சூப்பரின்டெண்ட் கேட்டார்: "இது என் ஆம்னு உனக்குத் தெரியுமோன்னோ? மொதல் நாளே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?"

"சொல்லிருந்தா சலுக கேட்டா மாதிரி ஆயிருக்கும் சார். எனுக்கு லைசென்ஸுதான் ஓணும்."

அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். விதிக்குள் அடங்கிவிட்டால், பிரளயமே வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படகு தேடுவார். அன்று மாலையே லைசென்ஸ் தயார். அக்கா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பின் பக்கம் வெறுமையாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பள்ளிக்கூட டெண்டர் அவளுக்கே வந்தது. வேலை நடக்கும்போது மேஸ்திரி வேடிக்கை பார்க்க வந்து, மீசையை முறுக்கியபடி மாடியில் நின்றான். அக்கா ஒரு கட்டையை அவன் முன்னால் போட்டாள். "அடிக்கத் தெரிஞ்சா குந்து. தெரியலன்னா வெளிச்சத்த மறைக்காத" என்றாள். மீசை படியிறங்கிப் போயிற்று.

முதல் பெருமழை அன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஐந்தாம் வகுப்பின் நடுவில் நின்று, கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடம் நடத்த விடும்மா" என்றார் டீச்சர்.

"நீ நடத்து டீச்சர். நான் எம் பாடத்த பாத்துகினுகீறேன்."

மழை விடும்வரை நின்றாள். வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட நனையவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் திரும்பவில்லை.

அதே மழையில் எங்கள் அலுவலகம் ஒழுகியது, அதுவும் சூப்பரின்டெண்ட் மேஜைக்கு மேலே. ஆள் அனுப்பினார். அக்கா வந்தாள், மாடியில் ஒரு தட்டுத் தட்டினாள், இறங்கினாள்.

"என்னம்மா, எப்போ ஆரம்பிக்கறே?"

"டெண்டர் போடுங்க சார். அது இல்லாம அரசாங்க மாடில ஏறுனா என் லைசென்ஸு பூடும்."

ஏழு மாதம் அவர் குடைக்கடியில் கையெழுத்துப் போட்டார். அதற்குள் என் தற்காலிகம் முடிந்து நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது அடையாறில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறேன். போன வாரம் பெய்த மழையில் தலைமாட்டில் சொட்டியது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். எங்கள் தெருவிலேயே லைசென்ஸ் உள்ளவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், நாளைக்கே கூட்டி வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு அசோக் நகரில் கை நிறைய வேலை, அடுத்த மாதம்தான் வருவாளாம். கட்டிலைக் கதவோரம் தள்ளிப் போட்டிருக்கிறேன். இப்போது காலில் மட்டும்தான் சொட்டுகிறது, அவள் வரும்வரை அது ஒரு பெரிய விஷயமில்லை.