ரையனின் சாப்பாட்டு மேசையில் ஐந்து துறைகள்

கரங்கான், கெடா, மலேசியா.

அன்புத் தங்கை பேராசிரியர் செலஸ்டினுக்கு டக்ளஸ் அண்ணன் எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் இங்கே உன் அண்ணி நலம், மகள் அமண்டா நலம், மாப்பிள்ளை நலம். பேரன் ரையன், மூன்று வயதில் ஒன்றரை வயதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நலம்.

உன் பணி ஓய்வு விழாவில் நான் பேசவேண்டும் என்று கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்கு என்ன ஊட்டுவது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவள் நீ. அது போதாதென்று, டாக்டரும் தாதியும் மருந்தாளரும் உணவியலாளரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கற்றுக்கொள்ள ஒரு பாடத்திட்டமே உண்டாக்கினாய். சந்தோஷம். எங்கள் பத்திரிகைக்காரர்கள் அதை டீக்கடையில் பட்டமில்லாமலேயே செய்தார்கள். என்னால் பேச இயலாது. காரணத்தை, பழைய நிருபனின் பழக்கத்தில், நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அடுத்த மாதத்துக்குள் எடை ஏறாவிட்டால் ரையனை வார்டில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அமண்டா அன்று முழுக்க அழுதாள். உனக்குப் போன் போட்டேன். நீ வருவாய் என்று பார்த்தால், வேன் ஒன்றில் உன் மாணவர்கள் வந்து இறங்கினார்கள்.

ஐந்து துறை, ஐந்து பேர். டாக்டர் மாணவர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார், தாதி மாணவி எடை பார்த்தாள், மருந்தாளர் எங்கள் மருந்து அலமாரியைத் திறந்து முகம் சுளித்தார், பேச்சுப் பயிற்சி மாணவி அவன் எச்சில் விழுங்குவதைக்கூட விடாமல் கவனித்தாள். சோற்றை யார் ஊட்டுவது என்றதும், "நீங்க பண்ணுங்க", "ஐயோ, இது உங்க ஏரியா லா" என்று சம்பந்தி வீட்டார்போல் உபசரித்துக்கொண்டார்கள். ரையன் வாயை இறுக மூடிக்கொண்டு ரசித்தான்.

பிறகு ஆளுக்கு ஒருவராக எங்களைத் தனித்தனியே விசாரித்தார்கள். ஹாலில் கூடிக் குறிப்புகளை ஒப்பிட்டார்கள். உணவியல் மாணவி ஷாமளா நிமிர்ந்து, "பையனுக்குப் பசி இல்லாம இல்ல அங்கிள். வயிறு பூரா சாக்லேட் பால்" என்றாள்.

"ஒண்ணும் சாப்பிடலயேன்னு பாவமா இருந்துச்சு, கொஞ்சூண்டு குடுத்தேன்" என்றாள் உன் அண்ணி.

"நீங்களுமாம்மா? நான் குடுத்துட்டுத்தானே ஃபேக்டரி பஸ் ஏறுறேன்!" என்றாள் அமண்டா.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ரமணி அக்கா, "நான் தண்ணியாத்தான் கலக்குனேன் லா, சளி பிடிக்கக் கூடாதுன்னு" என்று தன் பங்கையும் ஒப்படைத்தார். மாப்பிள்ளை காடி சாவியைத் தேடிக்கொண்டு கார் நின்ற வாசலுக்குப் போய்விட்டார்.

எல்லாருமே சளிக்குப் பயந்து தண்ணீராகத்தான் கலக்கியிருக்கிறார்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. பிள்ளை நாள் முழுக்கப் பழுப்புத் தண்ணீரில் மிதந்திருக்கிறான். இந்தக் கூட்டத்தில் குற்றமற்றவன் நான் ஒருவன்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

"சோத்துக்கு முன்னால பால் கிடையாது. யார் எது குடுத்தாலும் மத்தவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றாள் ஷாமளா. இதைச் சொல்லவா ஒரு பல்கலைக்கழகம்? மறுவாரம் ரையன் பருப்புச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், எடையும் சற்று ஏறியது. அது தானாக வந்த பசி. உன் பாடத்திட்டத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆகவே விழாவுக்கு என்னை எதிர்பார்க்காதே. அந்த வேனையும் இந்தப் பக்கம் அனுப்பாதே.

மாதா உன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒரு கட்டுக்குள் வைத்திருக்கட்டும்.

அன்பு அண்ணன்,
டக்ளஸ்

பி.கு.: இந்த வாரம் எடை ஏறாமல் நின்றுவிட்டது. அமண்டா எல்லாரையும் கேட்டாள், எல்லாரும் இல்லை என்றுவிட்டோம். இதை நான் எழுதும்போது மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கும் ரையனுக்கு மேலுதட்டில் பழுப்பு மீசை. "தாத்தா, அம்மாகிட்ட சொல்லாத" என்கிறான். விழாவுக்கு வருகிறேன், பேசுகிறேன். அதற்கு முன் சனிக்கிழமையே வேனை அனுப்பு. விசாரணையை என்னிடமிருந்து தொடங்கச் சொல்.