ஜன்னலில் குத்திய முத்திரை

எங்கள் அலுவலகத்தின் நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களும் கழுவப்பட வேண்டும் என்ற முடிவு, ஆறு கூட்டங்களுக்கும் இரண்டு வெளிநடப்புகளுக்கும் பிறகு ஒருமனதாக எடுக்கப்பட்டது. அந்தக் கோப்பைச் சுமந்த குமாஸ்தா அடியேன்தான்.

வேலைக்கு வந்தவர் ஒரு அக்கா. மூன்று மாடிக்கு நீளும் கம்பு, நுனியில் பிரஷ், கம்போடு ஓடும் குழாய், உப்பை எல்லாம் வடிகட்டிய தண்ணீர் ஒரு டாங்க். தரையில் நின்றபடியே முதலில் சட்டத்தைத் தேய்த்தார், அப்புறம் கண்ணாடியை. கடைசியில் மேலிருந்து தண்ணீரை வழியவிட்டுக் கம்பை இறக்கிவிட்டார்.

"துடைக்கலையாக்கா?"

"துணி பட்டாத்தான் தம்பி கோடு விழும். இந்தத் தண்ணியில உப்பே கிடையாது, தானா காய்ஞ்சா ஒரு புள்ளி நிக்காது. உப்பை அளக்கிற மீட்டரைப் பாருங்க, சைபர்."

காய்ந்தது. அடேயப்பா! பதினேழு வருஷமாக நான் மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கண்ணாடி அழுக்கு.

அக்காவுக்கு வேண்டியது ஒரே காகிதம்: 'கறையற்ற பணி நிறைவுச் சான்று'. அதை மறுநாள் காலையில் காட்டினால் ஆஸ்பத்திரியில் வருஷம் முழுக்க வேலை. காட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சான்று தரவேண்டிய கண்காணிப்பாளர் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கேம்மா?"

"அதோ இருக்கே சார்."

"எனக்கு வெளியில இருக்கிற மரம்தான் தெரியுது. தெரியாத கண்ணாடிக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு நூத்திப் பன்னிரண்டு கண்ணாடி காணோம்னு என் தலையில விடியவா?"

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டார். கண்ணாடி இருந்தது. கூடவே அவருடைய ஐந்து விரல்களும் அதில் இருந்தன.

"கண்ணாடி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கறையும் இருக்கே!"

"அது உங்க கை சார்!"

"யார் கைன்னு படிவத்துல கேட்கலைம்மா. கறை இருக்கா இல்லையான்னுதான் கேட்குது."

அக்கா மறுபடி கழுவினார். காய்ந்ததும் கண்ணாடி மறுபடி காணாமல் போனது. கண்காணிப்பாளர் மறுபடி தொட்டார். இப்படி நாலு தடவை. டாங்க் காலி, அக்காவின் பொறுமையும் காலி.

"பிள்ளைகுட்டிக்காரி சார் நான், வயித்துல அடிக்காதீங்க!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கே இருந்தேன்?

"சார், ஒவ்வொரு கண்ணாடியிலயும் 'கறையற்றது'ன்னு முத்திரை குத்திட்டா? கண்ணாடி இருக்குன்னும் தெரியும், சுத்தம்னும் தெரியும்."

கண்காணிப்பாளர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடியிலும், அழியாத ஊதா மையில், உள்ளங்கை அகலத்துக்குக் குத்தினேன். 'முத்திரையிடப்பட்டமையால் கறையற்றது' என்று சான்றும் பிறந்தது.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்றார் அக்கா.

கதை இத்தோடு நின்றிருந்தால் நானும் நல்லவன்தான்.

ஆஸ்பத்திரி அதிகாரி அந்தச் சான்றை இரண்டு முறை படித்தார். "முத்திரை குத்தினாலே சுத்தமாம்! அப்புறம் கம்பு எதுக்கு?" ஒரு முத்திரை செய்து குத்திக்கொண்டு, அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவரைப் பார்த்து வங்கி, வங்கியைப் பார்த்துப் பள்ளிக்கூடம். பிறகு அது நாகரிகமாகிவிட்டது. இப்போது ஜன்னலில் முத்திரை இல்லாத வீட்டில் சம்பந்தி வீட்டார் உட்காரவே யோசிக்கிறார்கள். கடையில் தங்க நிறத்தில் ஒட்டுகிற மாதிரியே கிடைக்கிறது.

போன வாரம் அக்கா கம்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். முகம் வாடிப் போயிருந்தது.

"தம்பி, உங்க வீட்டு ஜன்னலாவது கழுவட்டுமா? ஒரே அழுக்கா இருக்கே."

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயையோ, வேணாங்க! தண்ணி பட்டா முத்திரை உரிஞ்சிடும். அப்புறம் தெருவே நம்மளை அழுக்குன்னு சொல்லும்!"

"இன்னொரு நாள் பார்க்கலாம்க்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மனசு உறுத்தியது. ஜன்னலண்டை போய் எட்டிப் பார்த்தேன். அக்கா போய்விட்டாரா, இன்னும் அங்கேயே நிற்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை.