பாரபட்சமான பூஜ்ஜியம்

அரசாங்கத்துக்குச் சொந்தமான பொருள் எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு மதிப்பு இருக்கணும். மதிப்பு இல்லன்னா, அப்புறம் அது ஏன் இருக்குன்னு எழுத்துல விளக்கம் குடுக்கணும். தணிக்கைத்துறையோட இந்த எதிர்பார்ப்புல யாரும் குத்தம் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்துல மாநில மின்முத்திரை இயக்ககத்துக்குத் தணிக்கைக்கு வந்த சந்திரசேனன் சாரும் இதைத்தான் கேட்டார்.

"இந்தப் பூஜ்ஜியம் எதுக்கு மேடம்?"

கேட்டது பிரீஜாகிட்ட. பிறப்பு, கல்யாணம், ஜாதி, லைசென்ஸ், வேலை உத்தரவுன்னு ஒரு மனுஷன் உண்மையிலேயே இருக்கான்னு நம்புறதுக்கு என்னெல்லாம் வேணுமோ அத்தனையையும் கம்ப்யூட்டர் சான்றிதழாக் குடுக்குற ஆபீஸ் அது. அந்தச் சான்றிதழைக் கட்டுறதும் பிரிக்கிறதும் பிரீஜா எழுதின புரோகிராம். ஒன்பது வருஷமா காண்ட்ராக்ட்ல எழுதிட்டிருக்கா.

வேலை ஒன்னும் மர்மம் இல்ல. அடுக்கு டிபன் கேரியர் மாதிரிதான். ஒவ்வொரு தட்டு மேலயும் உள்ள என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். தட்டைத் திறந்தா உள்ள இன்னொரு குட்டி கேரியர், அதுக்கும் சீட்டு. சீட்டுல எவ்ளோன்னு போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு பருக்கை இருந்தாலும் கம்ப்யூட்டர் சாப்பிடாது, தட்டோட தள்ளிடும்.

"சார், சான்றிதழ் நம்பரோட முதல் பைட்டு கொஞ்சம் பெருசா இருந்துச்சுன்னா கம்ப்யூட்டர் அதை மைனஸ் நம்பர்னு எடுத்துக்கும். அப்படி எடுத்துக்கக் கூடாதுன்னு முன்னாடி ஒரு பூஜ்ஜியம் வைப்போம். காவலுக்கு."

"பூஜ்ஜியத்துக்கு மதிப்பு உண்டா?"

"மதிப்பு இல்ல சார். ஆனா..."

"இல்ல." எழுதிக்கிட்டார். "எல்லாருக்கும் வைக்கிறீங்களா?"

"பெருசா ஆரம்பிக்கிறதுக்கு மட்டும். பாதிப் பேருக்கு வரும்."

சந்திரசேனன் சார் பேனாவைக் கீழ வச்சார். கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமான ஒரு ஊழல அவர் பாத்ததே இல்ல.

"அப்போ பாதிக் குடிமக்களுக்குப் பதினாறு பைட்டு, மீதிப் பாதிக்குப் பதினேழு. யார் கேட்டு இவங்களுக்கு ஒன்னு அதிகமாக் குடுத்தீங்க?"

அவரோட ஆட்சேபம் நாப்பத்தாறு பக்கம் வந்துச்சு. சாரம் இதுதான்: "மதிப்பற்றதென ஒப்புக்கொள்ளப்பட்ட பொருளொன்று, தெரிவு செய்யப்பட்ட ஒரு சாராருக்கு மட்டும், யாதொரு விண்ணப்பமும் பெறப்படாமல், பாரபட்சமான முறையில் வழங்கப்பட்டு வந்துள்ளது."

இயக்குநர் கோபகுமார் சார் அதை ரெண்டு தடவ படிச்சுட்டு பிரீஜாவைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். ரிட்டயர்மென்ட்டுக்கு ஏழு மாசம் இருந்துச்சு. இருக்குற நல்ல குணம் அத்தனையையும் அந்த ஏழு மாசத்துக்காக எடுத்து வச்சிருந்தார்.

"பூஜ்ஜியத்தை எடுத்துடு."

"எடுத்தா பாதிச் சான்றிதழ் மைனஸ் ஆயிடும் சார்."

"ஆகட்டுமே. மைனஸ் ஆகக் கூடாதுன்னு எந்த ஆட்சேபத்துல இருக்கு?"

"சார், ஒரு சான்றிதழ் எப்படி சார் மைனஸ்ல இருக்கும்?"

"மோளே, என் வீட்டுக் கரண்ட் பில்லு போன மாசம் மைனஸ்ல வந்துச்சு. மாடியில சூரியத் தகடு போட்டிருக்கேன். சந்தோஷமா இல்லையா நான்?"

ஃபைல் ரெண்டு மாசம் நடந்துச்சு. வேலை ஆறு நிமிஷம். ஒரே ஒரு வரி. பிரீஜா எழுத்துல ஆட்சேபம் குடுத்தா, அது எழுத்துல பெறப்பட்டுச்சு. பதினோரு லட்சம் சான்றிதழையும் பூஜ்ஜியம் இல்லாம மறுபடி வெளியிட்டாங்க. மந்திரி வந்து குத்துவிளக்கேத்தினார். சமத்துவத்தைப் பத்திப் பேசினார். எல்லாருக்கும் பழம்பொரி குடுத்தாங்க.

திங்கக்கிழமையிலேர்ந்து மாநிலத்துல பாதிப் பேர் மைனஸ்.

மொதல்ல ஜனங்க திட்டினாங்க. ஒரு பள்ளிக்கூடத்துல மைனஸ் பிறப்புச் சான்றிதழோட ஒரு குழந்தையச் சேர்த்ததும் ஹெட்மாஸ்டர் பதிவேட்டுல ஒன்னு குறைச்சுட்டார். அப்படி நாலு குழந்தை சேர்ந்ததும் பிள்ளைங்க எண்ணிக்கை பத்தலன்னு ஒரு டீச்சரை மாத்திட்டாங்க. வாமனபுரத்துல ஒரு தம்பதிக்குக் கல்யாணச் சான்றிதழ் மைனஸ்ல வர, வில்லேஜ் ஆபீசர் நிதானமா விளக்கினார். "உங்களுக்கு ஒரு கல்யாணம் குறையுது. இன்னொன்னு பண்ணினா பூஜ்ஜியம். அதுக்கு மேல ஒன்னு பண்ணினாத்தான் கல்யாணம் ஆனதா அர்த்தம்." அந்தப் பொண்ணோட அப்பா அங்கேயே உக்காந்துட்டார்.

ஆனா மூணாவது வாரம் ஒரு விஷயம் தெரிய வந்துச்சு. மைனஸ் லைசென்ஸ் வச்சிருக்கவனுக்கு அபராதம் போட முடியாது. போட்டா கணக்குப்படி போலீஸ்தான் அவனுக்குக் காசு குடுக்கணும். ஹெல்மெட் போடாத பசங்களப் பாத்தா ட்ராபிக் போலீஸ் பெட்டிக்கடைக்குப் பின்னாடி ஒளிய ஆரம்பிச்சாங்க.

அன்னையிலேர்ந்து மைனஸ் ஃபேஷன்.

கவடியாரு பக்கம் பெரிய வீட்டுப் பசங்க பனியன்ல வெறும் ஒரு கோடு, விலை ஆயிரத்தி எண்ணூறு. கல்யாண விளம்பரத்துல 'மைனஸ் வரன் விரும்பத்தக்கது'. லுலு மாலுக்குள்ள ஒரு டாக்டர் 'மைனஸ் மனநிலை'ன்னு மூணு நாள் வகுப்பு எடுத்தார், இல்லாதத எப்படி ரசிக்கிறதுன்னு. ப்ளஸ்காரங்க வெளிய சொல்லிக்கவே வெக்கப்பட்டாங்க.

சும்மா விடுவாரா சுகதன் சேட்டன்? ஊழியர் சங்கத் தலைவர். எந்தப் பக்கமும் கொடி இல்லாம இருக்கக் கூடாதுங்கிறது அவர் கொள்கை. காலைல மைனஸ்காரங்களுக்கு மைனஸ் படி கேட்டு தர்ணா. மத்தியானம் பால் விடாத கட்டன் சாயா. அப்புறம் அதே பந்தல்ல ப்ளஸ்காரங்களையும் மைனஸ் ஆக்கச் சொல்லி தர்ணா.

"சேட்டா, இது வெறும் தப்பு. நான் சொல்றேன், அந்த வரியை அழிச்சதே நான்தான்," பிரீஜா அவர்கிட்ட சொல்லிப் பாத்தா.

"தெரியும் மோளே. ஆனா தப்புன்னு சொல்லி ஒரு ஊர்வலம் போனா எத்தன பேர் வருவான்? உரிமைன்னு சொன்னதுக்கு இன்னைக்கு எட்டு பஸ்சு."

சரி, ஊர் எப்படியோ போகட்டும்னு பிரீஜாவால விட முடியல. அவ தேர்வாணைய ரேங்க் லிஸ்ட்ல மூணாவது. அவ ஒன்பது வருஷமா உக்காந்திருக்கற அதே நாற்காலிதான், இந்தத் தடவ நிரந்தரமா. மொத ரெண்டு பேருக்கு வேலை வந்துருச்சு. அடுத்தது இவ. லிஸ்ட்டுக்கு ஆயுசு முப்பத்தொன்னாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். செத்த லிஸ்ட்டுக்கு உயிர் கேட்டு செக்ரட்டேரியட் வாசல்ல முட்டி போட்டு நடந்த பசங்கள அவ பாத்திருக்கா. இவளுக்கு வயசு வரம்பும் தாண்டியாச்சு. இது போனா அடுத்த பரீட்சையே கிடையாது.

முப்பத்தொன்னாம் தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கு உத்தரவு வந்துச்சு. கம்ப்யூட்டர் சான்றிதழா. பிரீஜா அதைத் தன் புரோகிராம்ல போட்டா. புரோகிராம் தட்டுத் தட்டா பிரிச்சுது. பேர் சரி. பதவி சரி. நம்பர் மைனஸ்.

இயக்குநர் ரூமுக்கு ஓடினா. அங்க துணை இயக்குநர் ஏலியாம்மா மேடமும் இருந்தாங்க. விதிப் புஸ்தகத்தை மடியில வச்சுக்கிட்டே சாப்பிடுற ஆள் அவங்க.

"மைனஸ் நியமனம்னா ஆளைச் சேர்க்க முடியாது பிரீஜா. ஒரு ஆளைக் குறைக்கத்தான் முடியும்," ஏலியாம்மா மேடம் சொன்னாங்க.

"யாரை மேடம் குறைப்பீங்க?"

"உன்னைத்தான். ஆனா நீ இன்னும் சேரலையே. அதனால மொதல்ல நீ வேலைக்குச் சேரணும், அப்புறம் இந்த உத்தரவ வச்சு உன்னை எடுத்துடலாம்."

"மேடம், அந்தப் பூஜ்ஜியத்தைத் திரும்ப வச்சுடலாம். ஆறு நிமிஷம்."

"அதுக்கு சார் உத்தரவு போடணும்."

"போடுங்க சார்."

கோபகுமார் சார் தலையக் குனிஞ்சுக்கிட்டார். "என் கம்ப்யூட்டர் கையெழுத்துச் சான்றிதழும் மைனஸ் மோளே. நான் ஒரு உத்தரவுல கையெழுத்து போட்டா, அது போடாத உத்தரவு. மூணு மாசமா அப்படித்தான் ஓடுது. நிர்வாகத்துல ஒரு வித்தியாசமும் தெரியல, அதான் யாருகிட்டயும் சொல்லல."

மணி நாலு. பிரீஜா அழல. ஒன்பது வருஷம் அந்தக் கட்டடத்துல இருந்தவளுக்கு ஒன்னு மட்டும் நல்லாத் தெரியும். அங்க நியாயம் பேசினா கதவு திறக்காது. முன்னுதாரணம் காட்டினா பூட்டு தானா விழும். ரெக்கார்ட் ரூமுக்குள்ள போயி ஃபைல் ஃபைலா இழுத்துப் போட்டா. நாலு நாப்பத்தி ரெண்டுக்கு, தலையெல்லாம் ஒட்டடையோட வெளிய வந்தா.

"மேடம், நெடுமங்காடு கேஸ். புருஷன் மைனஸ், பொண்டாட்டி மைனஸ். போன மாசம் குழந்தை பொறந்துச்சு. பிறப்புச் சான்றிதழ் ப்ளஸ்."

"அதனால?"

"ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ். அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு. என் உத்தரவு மைனஸ். அது மேல சார் கையெழுத்தும் மைனஸ்."

ஏலியாம்மா மேடம் ஃபைலை வாங்கி முன்னால பின்னால புரட்டினாங்க. "கூட்டினா டபுள் மைனஸ் ஆகுமே."

"அந்தக் குழந்தைய யாரும் கூட்டல மேடம்."

அப்புறம் மேடம் கண்ணாடி வழியா இயக்குநரைப் பாத்தாங்க. "முன்னுதாரணம் இருக்கு சார். ஆனா எந்தப் பிரிவுல சேர்க்கறது? இந்த மாதிரி கேசுக்கெல்லாம் பிரிவே இல்லையே."

"புதுசா ஒன்னு தொறங்க," கோபகுமார் சார் சொன்னார். அவர் கையெழுத்துக்கு மூணு மாசத்துல மொத தடவையா ஒரு பலன் கெடைக்கப் போகுதுன்னு அவருக்கு ஒரே பூரிப்பு. நாலு அம்பத்தேழுக்குக் கையெழுத்துக் கருவியில விரல் வச்சார். பிரீஜாவோட புரோகிராம் பிரிச்சுப் பாத்துச்சு. ரெண்டு மைனஸ். மேடம் பிரிண்ட் எடுத்த தாள்ல பேனாவால ப்ளஸ்னு திருத்தி, பக்கத்துல சின்னக் கையெழுத்தும் போட்டாங்க.

ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் பண்ணி "நிரந்தரம்"னு சொன்னா.

புதுப் பிரிவோட பேரு மைனஸ் பிரிவு. இனிமே எந்த ஃபைல்லயும் இரட்டைப்படை எண்ணிக்கையில மைனஸ் அதிகாரிங்க கையெழுத்து போடணும்னு விதி வந்துச்சு. அந்த விதியச் சமாளிக்க நாப்பத்தி ரெண்டு பணியிடம் அனுமதியாச்சு. சுகதன் சேட்டனோட தங்கச்சி மகளுக்கு ஒன்னு. ஆட்சேபத்தோட பலன்களைத் தொடர்ந்து கண்காணிக்க சந்திரசேனன் சாருக்கு ஒரு ரூமும் ஒரு காரும். பிரிவுத் தலைவி பிரீஜா. உத்தரவுலயே தெளிவாப் போட்டிருந்தாங்க: "மைனஸ் நிலவும் காலம் வரை இப்பிரிவு நிரந்தரமானது."

பிரீஜாவோட பழைய காண்ட்ராக்ட் சீட்டுக்கு ஷெரின்னு ஒருத்தி வந்தா. முப்பத்தி ரெண்டு வயசு. கைக்குழந்தைய கொல்லத்துல அம்மாகிட்ட விட்டுட்டு தினமும் ரயில்ல வருவா. வந்த ரெண்டாவது நாளே லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து நின்னா.

"சேச்சி, இத்தன கூத்துக்கும் காரணம் ஒரே ஒரு வரி. யாரோ அழிச்சுட்டாங்க. திரும்பப் போட்டுட்டேன், டெஸ்ட் பண்ணிட்டேன். ஓகேன்னு சேச்சி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆறு நிமிஷத்துல எல்லாம் சரி."

பிரீஜா பாத்தா. அழகான வரி. ஒரு எழுத்து கூட மாத்த வேண்டியதில்ல. தான் எழுதினத விட ஒரு படி நல்லாவே இருந்துச்சு.

பேனாவ எடுத்து, ஃபைல்ல நிதானமா எழுத ஆரம்பிச்சா. "முன்மொழிவு உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. பூஜ்ஜியத்தை மீண்டும் சேர்ப்பதனால் விளையக்கூடிய சமூக, பொருளாதாரத் தாக்கங்களை ஆராய உயர்மட்டக் குழுவொன்று அமைக்கப்படலாம்."

ஷெரின் அதைப் படிச்சா. மறுபடியும் படிச்சா.

"இந்த வரி சரின்னு சேச்சிக்குத் தெரியலையா?"

"தெரியுது. அதான் குழு. தப்பா இருந்தா நானே வேணாம்னு எழுதியிருப்பேன்ல."

ஜன்னலுக்கு வெளிய சுகதன் சேட்டனோட பந்தல்ல யாரோ மைக் டெஸ்ட் பண்ணிட்டிருந்தாங்க. கொல்லத்து ரயிலுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருந்துச்சு. அவ லேப்டாப்பை மெதுவா மூடினா. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா.

"சேச்சி, அந்தக் குழுவுக்கு ஒரு புரோகிராமர் வேணும்ல? நிரந்தரமா?"