காண்டாமிருகத்தைக் கட்டிப்பிடித்த விவகாரம்

ராஜகீழ்ப்பாக்கம்

அன்பு மனைவி ஜீவிதாவுக்கு ஜெபகுமார் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும், உன் அம்மாவும், நீ விட்டுப்போன மணிபிளான்ட்டும் நலம். நாக்பூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

வீடியோ காலில் நீ பக்கத்துத் திரையில் ஜெர்சிக்கு நிறம் மாற்றிக்கொண்டே பேசுகிறாய், ஆகையால் கடிதம். நீ ஜெர்சியும் சின்னமும் வரைந்து கொடுக்கும் கபடி அணிக்காரர்கள் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். அதற்கு முன் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

உன் அணி சென்னைக்கு விளையாட வரும்போது நீயும் வருவாய் என்றுதானே சொன்னாய்? அத்தை உனக்காக வஞ்சிரம் வறுத்து, கட்டைப்பையில் துண்டுக்கு அடியில் ஒளித்து, தாம்பரத்தில் ரயிலேறி, பெட்டி முழுக்க மணக்க மணக்க அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த ஆட்டத்துக்கான நீல ஜெர்சியை ஊதாவாக அச்சடித்துத் தொலைத்துவிட்டார்கள், வரமுடியாது என்று உன் மெசேஜ் வருகிறது. வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தோம். உங்கள் ஆட்டக்காரன் ஒருவன் குப்புற விழுந்தான். அத்தை எழுந்து, "டேய், நிமிந்து படுடா! என் பொண்ணு வரைஞ்சது தெரியல!" என்று கத்த, முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இடைவேளையில் உங்கள் அணியின் சின்னமான காண்டாமிருகம் வந்தது. நம் சாப்பாட்டு மேசையில் நீ வரைந்து வரைந்து அழித்தாயே, மூக்குக்கு மாடலாக என்னைப் பக்கவாட்டில் உட்காரவைத்தாயே, அதே மிருகம், பொம்மை உடையில் ஆளுயரத்துக்கு. கைகொடுக்கத்தான் போனேன். எப்படியோ கட்டிப்பிடித்துவிட்டேன். பிறகு விட முடியவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "சார், வுடு சார், மூச்சு முட்டுது. பேஜாரா கீது."

"மன்னிச்சுடுங்க. இது என் வைஃப் வரைஞ்சது. அவங்க ஊர்ல இல்ல."

"எப்ப வர்றாங்கோ?"

"தெரியல."

மிருகம் சற்று யோசித்தது. "அப்ப இன்னும் கொஞ்ச நேரம் புட்ச்சிக்கோ சார்."

உள்ளே இருந்தவர், சென்னை ஆட்டத்துக்கு மட்டும் கூலிக்கு உடை மாட்டிய கோவிலம்பாக்கத்து ஆட்டோக்காரர் குப்புராஜ். வஞ்சிரம் அவருக்குத்தான் போனது. இதையெல்லாம் அரங்கத்துப் பெரிய திரையில் காட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை கணக்குப் பாடம் எடுக்க வகுப்புக்குள் நுழைந்தால், எட்டாம் வகுப்பே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆக, என் பதில்: கையெழுத்துப் போடு. முடிச்சூர் ஃபிளெக்ஸ் கடையில் காதணி விழா பேனருக்கு ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டிருந்தவள் நீ. அன்றைக்கு அரங்கத்தில் எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவர் நெஞ்சில் நீ போட்ட கோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகு, திரும்பி வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ இல்லாமல் வீடு விசாலமாகத்தான் இருக்கிறது. நாக்பூருக்கு வந்து குடியிருப்பது மட்டும் என்னால் ஆகாது. அந்த வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

அத்தையின் முத்தங்களும், உன்னைவிட மூத்தவன் என்ற உரிமையில் என் ஆசீர்வாதமும். கர்த்தர் உன் கைவிரல்களைக் காப்பாராக.

உன்
ஜெபகுமார்

பி.கு.: தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. "போய்ச் சேருங்க மாப்ள, உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்று அத்தையும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ரயிலில் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். நாக்பூரில் கணக்கு வாத்தியாருக்கு வேலை கிடைக்குமா என்று விசாரித்து வைக்கச் சொல்லி எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நீ இதைப் படிக்கும்போது எதிரேதான் நிற்பேன், நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.