ஒரு ஜன்னலுக்காக வேலை போனவர்

ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பித்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடித்தவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்டு, அதைத் தன் கையாலேயே செய்தும் கொடுத்து, அதற்காகவே வேலையைப் பறிகொடுத்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். மதுரை கே.கே. நகரில், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரின் வீட்டு மாடியில் இயங்கிய ஆபீஸில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் ஜன்னலண்ணே.

எங்கள் கம்பெனி என்ன செய்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்றால் ரோட்டோரம் பெரிய பெரிய சீரியல் செட் போர்டு நிற்கும் அல்லவா? மயில் தோகை விரிக்கும், கீழே எழுத்து ஓடும். எந்த பல்பு எப்போது எரிய வேண்டும் என்று அந்த போர்டுக்குச் சொல்லும் சாஃப்ட்வேர் எங்களுடையது. எழுதத் தேவையில்லை. திரையில் கலர் கலராகக் கட்டைகள் இருக்கும். ‘மயில்’ கட்டையை இழுத்து வைத்து, அதன் அடியில் ‘தோகை விரி’ கட்டையை மாட்டி, ‘ஓட்டு’ பொத்தானை அமுக்கினால் போர்டு ஓடும். “படிக்காத பாமரன்கூட ஓட்டலாம்” என்று எம்.டி. மேடைக்கு மேடை சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கருணை வழியும். அந்தக் கருணையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அதைத்தான் நான் நல்ல தமிழில் உதவிப் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன், அதற்குத்தான் சம்பளம்.

ஜன்னலண்ணேவுக்கு இந்த இழுக்கிற வேலையே ஆகாது. கம்பெனி கொடுத்த மவுஸை வாங்கிய அன்றே டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். கேட்டால், “எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்க நான் என்ன தேர் வடமா பிடிக்கேன்?” என்பார். கே.கே. நகரில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்தார்கள். மேஜைக்கு மேஜை டேப்லெட். படத்தைத் தொட்டால் பண்டம் வரும். அண்ணன் உள்ளே போய், படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “பேசுறதுக்கு இங்க ஆளு இல்லையாப்பா?” என்று கேட்டு, எழுந்து வந்துவிட்டார். பழைய மெஸ்ஸில்தான் மறுபடி உட்கார்ந்தோம்.

அங்கே சப்ளையர் வந்து நின்றார். “என்ன வேணும்ணே?”

“முட்டை தோசை.”

“முட்டை தீந்துருச்சு. கறி தோசை இருக்கு, போடவா?”

அண்ணன் என் தொடையில் ஓங்கி அடித்தார். “பாத்தியா மாப்ள! என்ன வேணும்னு கேட்டுட்டு நிக்கிறாப்ல. இல்லேன்னா இல்லேங்குறாப்ல. இருக்குறதச் சொல்றாப்ல. நம்ம சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி ஒரு ஆளு இல்லையே!”

சப்ளையர் இருவரையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். இது வெறும் பைத்தியம் என்றுதான் நானும் நினைத்தேன், அலங்காநல்லூர் பக்கத்து ஊர் ஒன்றின் அம்மன் பொங்கலுக்குப் போகும்வரை.

அந்த ஊருக்கு போர்டு வைத்தவர் செல்லூர் செல்வராணி அக்கா. தறிப்பட்டறைகளுக்கு நடுவே சின்னதாக சீரியல் செட் கடை. எங்கள் சாஃப்ட்வேரை நம்பி வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர். முதல் பெரிய போர்டு என்பதால் துணைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். பொழுது சாய்ந்தது, மயில் தோகை விரித்தது, ஜனம் ஆவென்று பார்த்தது. கீழே எழுத்து ஓடியது: ‘அம்மன் இருள் பெறுக.’

ஓடும் எழுத்துக்கும் கட்டைகள்தான்; ‘அ’ கட்டைக்கும் ‘இ’ கட்டைக்கும் திரையில் ஒரு விரல் இடைவெளி. இழுக்கும்போது மாறிவிட்டது. அருள் இருளாகி, ஊர் முழுக்கத் தெரிகிற உயரத்தில் வண்ண விளக்கில் ஜொலித்தது. கமிட்டிக்காரர் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். “ஏம்மா, ஊருக்கே சாபம் விடுறியா? மாத்து மொதல்ல!”

மாற்றலாம். ஆனால் ஓடுகிற போர்டில் கை வைக்க எங்கள் சாஃப்ட்வேரில் வழி கிடையாது. நிறுத்த வேண்டும், கட்டையைப் பிரிக்க வேண்டும், மறுபடி மாட்டி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அக்கா நிறுத்தினார். மயில், கோபுரம், எழுத்து எல்லாம் அணைந்து தெருவே கும்மிருட்டானது. கூட்டத்தில் எவனோ, “இருள் பெறுகன்னு போட்டாய்ங்க, பெற்றாச்சுய்யா!” என்று கத்த, ஊரே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் கட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர் அவர் காதுபட, “பொம்பளைட்ட குடுத்தா இப்படித்தான். அடுத்த வருசம் வேற செட்டப் பாருங்கப்பா” என்றார். போர்டு திரும்ப எரிந்தபோது அதைப் பார்க்க ஆள் இல்லை.

அண்ணனும் நானும் வண்டியில் திரும்பினோம். ரிங் ரோடு வந்ததும், “ஒரு ஜன்னல் வைக்கணும் மாப்ள” என்றார். அன்று பிடித்தது பேய்.

அவர் கேட்டது இதுதான்: கட்டைகள் இருக்கும் அதே திரையில் ஒரு ஓரமாக ஒரு கருப்பு ஜன்னல். போர்டு பாட்டுக்கு ஓடட்டும். நாம் அந்த ஜன்னலில் ஒரு வரி அடித்தால், ஓட்டத்தை நிறுத்தாமலே சொன்னது நடக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பு என்று அதுவே திருப்பிச் சொல்ல வேண்டும். மெஸ் சப்ளையர் மாதிரி.

எம்.டி. ஒத்துக்கொள்ளவில்லை. “இந்தக் காலத்துல எவன்யா டைப் அடிப்பான்?” என்றார். தினமும் சண்டை. ஒருநாள் அண்ணன், “இங்க ஜன்னல் வச்சே ஆகணும், இல்லேன்னா நான் கிளம்புறேன்!” என்று சத்தம் போட்டது படியிறங்கிக் கீழே போய்விட்டது. மூச்சிரைக்க மேலே வந்தார் ஹெட்மாஸ்டர்.

“எவன் என் செவுத்த இடிக்கப்போறது? இருக்குற நாலு ஜன்னலையே ஏசியப் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க. இதுல அஞ்சாவது வேறயா?”

அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. கடைசியில் ஜன்னல் திரையில்தான் வரப்போகிறது என்று புரிந்ததும் சமாதானமாகி, அண்ணனின் திரையை எட்டிப் பார்த்தார். ஜன்னலின் மாதிரி இடது கீழ் மூலையில் இருந்தது. “என்னப்பா இது, கன்னி மூலைல ஜன்னல் வைக்கிற? தொழில் உருப்படுமா?” என்றுவிட்டுப் போனார்.

அதுவரை முடியவே முடியாது என்றிருந்த எம்.டி. அந்த வார்த்தையில் ஆடிப்போனார். ஜன்னல் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சே மறைந்து, எந்த மூலையில் வைப்பது என்று ஆகிவிட்டது. வாஸ்து ஜோசியர் ஒருவர் வந்து திரையை அளந்தார். மேல்பக்கம் வடக்கு என்று வைத்துக்கொண்டு, ஈசானிய மூலையான வலது மேல் மூலையில் வைக்கலாம் என்றார்; கருப்பு கூடாது, மஞ்சள் விசேஷம். “சார், லேப்டாப்பத் தெக்குப் பாக்கத் திருப்பிட்டா கன்னி மூலை எங்கிட்டுப் போகும்?” என்று அண்ணன் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மறுநாளே எல்லோரும் வடக்குப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத்தான் எழுதினேன். அண்ணன் எதற்கும் வருத்தப்படவில்லை. “மஞ்சளோ பச்சையோ, ஜன்னல் வருதுல்ல” என்றார்.

ஜன்னல் வந்தது, மயில் நின்றுவிட்டது. ஜன்னல் நாம் அடிக்கும் வரிக்காகக் காத்திருக்கும், அது காத்திருக்கும்வரை மயிலும் ஒற்றைத் தோகையோடு காத்திருக்கும். எம்.டி. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று பார்த்தார். அண்ணன் தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் டீக்கடையில் கத்தினார்: “ரெண்டையும் ஒரே க்யூவுல நிப்பாட்டி வச்சிருக்கேன் மாப்ள! முன்னாடி நிக்கிறவன் யோசிச்சுக்கிட்டே நின்னா பின்னாடி உள்ளவன் எப்படிப் போவான்?” ஜன்னலுக்குத் தனி வரிசை, மயிலுக்குத் தனி வரிசை என்று பிரித்தார். மயில் ஆடிக்கொண்டே இருக்க, ஜன்னலில் ‘தோகை சிவப்பு’ என்று அடித்தார். ஆடுகிற தோகை அப்படியே சிவந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

ஜன்னலில் நாம் அடிக்க வேண்டிய இடத்தில் மற்ற ஊர்க்காரர்கள் ஏதோ அம்புக்குறி வைப்பார்களாம். அண்ணன் ‘சொல்லுங்கக்கா’ என்று வைத்தார். அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆள், செல்வராணி அக்கா. புரியாத கட்டளைக்கு ‘தெரியலக்கா, வேற மாதிரிச் சொல்லுங்க’ என்று பதில் வரும். அக்கா முதல் தடவை பார்த்ததும், “சாப்பிட்டியா தம்பி” என்று அடித்தார். அதற்கும் ‘தெரியலக்கா’ என்றது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

மேலூர்ப் பக்கத்து மீசைக்கார செட்டுக்காரர் சிரிக்கவில்லை. லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்கே வந்தார். “எவன்யா அது? ஊர்ல எம்புட்டு மரியாதையா இருக்கேன், ஒரு டப்பா என்னய அக்காங்குது!” அண்ணன் அவரை உட்கார வைத்து, அவருடைய லேப்டாப்பில் மட்டும் ‘சொல்லுங்கண்ணே’ என்று மாற்றிக் கொடுத்தார். மீசை ஆறுதலடைந்து, பிறகு தனியாக வந்து, “தலைவரேன்னு வைக்க முடியுமா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதுவரை சிரிப்புக் கதை. இனிமேல் எம்.டி.யின் கதை.

வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் முதலீடு செய்வதற்காக வந்தார்கள். குளுகுளு ஓட்டல் ஹாலில் எம்.டி. மைக்கைப் பிடித்து, “எவன் டைப் அடிப்பான்” என்று கேட்ட அதே வாயால், “இதோ எங்கள் ஏ.ஐ.! நீங்கள் எது கேட்டாலும் இந்த ஜன்னல் பதில் சொல்லும்” என்றார். என் பக்கத்தில் இருந்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து போய் அடித்தார்: ‘மதுரையில் இன்று மழை வருமா?’

ஜன்னல் சொன்னது: ‘தெரியலக்கா, வேற மாதிரிச் சொல்லுங்க.’

எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு, “அது இன்னும் கத்துக்கிட்டிருக்கு. இல்லையா?” என்று அண்ணனைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் எழுந்தார்.

“இல்ல சார். அது கத்துக்கிறதெல்லாம் இல்ல. சொன்னதச் செய்யும், தெரியாதத தெரியலேங்கும். அம்புட்டுத்தான்.” முகமெல்லாம் பூரிப்பு. தன் பிள்ளை பொய் சொல்லாமல் நின்றதைப் பார்த்த பூரிப்பு.

அடுத்த வாரம் அவரை அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதை அனுப்பியது என்று சொல்ல தைரியமில்லாத ஆட்கள் கேக் வெட்டினார்கள். ‘உங்கள் புதிய பயணத்துக்கு வாழ்த்துகள்’ என்று அதில் எழுதியிருந்தது. எம்.டி. தன் கையால் அண்ணனுக்கு ஊட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒருவன் வயிற்றில் அடிக்கும்போது வாயில் கிரீமை அப்பும் இந்த நாகரிகத்தை எங்கே கற்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அண்ணன் டிராயரைத் திறந்து, புத்தம் புதிதாக இருந்த மவுஸை ஒப்படைத்துவிட்டு, “வாரேன் மாப்ள” என்று படியிறங்கினார். இப்போது ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மிஷின் ரிப்பேர் பார்க்கிறார்.

அடுத்த பதிப்பில் ஜன்னலை எடுத்துவிட்டு, ஈசானிய மூலையில் ஒரு பச்சைக்கிளியை உட்காரவைத்தார்கள். அது எதைக் கேட்டாலும், ‘அருமையான கேள்வி! நிச்சயமாக உதவுகிறேன்!’ என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குக் கொட்டும். போர்டில் ஒரு பல்புகூட மாறாது. அதற்கு விருது வேறு கிடைத்தது. செல்வராணி அக்கா ஆபீஸுக்கே வந்து எம்.டி.யிடம் சொன்னார்: “கிளி நல்லாத்தான் பேசுது சார். வேலைதான் செய்ய மாட்டேங்குது. அதுக்கு எங்க வீட்டுக்காரரு ஒருத்தரு போதாதா?” போகும்போது என்னிடம், “அந்தத் தம்பி இப்ப எந்தக் கம்பெனில இருக்காப்ல? அங்கயே வாங்கிக்கிறேன்” என்றார். நான் என்ன சொல்வது? பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள், அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள் என்றேன். கொஞ்ச நாளில் நானும் அந்தச் சுவரைப் பார்த்தது போதும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

இந்த வருடம் அம்மன் பொங்கலுக்கு அதே ஊர் செல்வராணி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டது. நடுவில் வந்த செட்டுக்காரர்கள் கிளியோடு பட்ட பாட்டைப் பார்த்துக் கமிட்டிக்கே அலுத்துப்போயிருந்தது. நானும் போயிருந்தேன். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கமிட்டிக்காரர் ஓடிவந்தார். துண்டை உதறிய அதே ஆள். “அக்கா, ஒரு சின்ன உதவி. பக்கத்து ஊர்க்காரவுக மொளப்பாரியோட வாராக. அவுக ஊர்ப் பேரப் போட முடியுமா?” அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பழைய ஜன்னலில் ஒரு வரி அடித்தார். மயில் ஆடியது ஆடியபடி இருக்க, அடியில் அந்த ஊர்ப் பெயர் பச்சையில் ஓடியது. முளைப்பாரி தூக்கி வந்த பெண்கள் குலவையிட்டார்கள். விசில் பறந்தது.

நான் அண்ணனுக்கு போன் போட்டு, போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

“என்னடா மாப்ள, ஒரே சத்தமா இருக்கு?”

“அக்கா போர்டுக்குத்தாண்ணே. ஜன்னல்ல அடிச்சு, ஓட்டத்துலயே ஊர்ப் பேரப் போட்டாங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஓட்டத்துல போட்ட பேர சேவ் பண்ணச் சொல்லு. கரண்ட் போய் வந்தா பழசு வந்துரும். அக்காவத் திரும்ப வைய விட்றாதீங்கடா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த ஊரில் எனக்கு ஏறக்குறைய எல்லார் மீதும் கோபம்தான். அந்த மனிதர் மீது மட்டும், எவ்வளவு முயன்றாலும் வரமாட்டேன் என்கிறது.