குட்மார்னிங் அண்ணாச்சியின் கண்ணீர் அஞ்சலி

குட்மார்னிங் அண்ணாச்சியிடமிருந்து வதந்தி வாங்காத போன் தென்காசியில் ஒன்று உண்டென்றால், அது இன்னும் விற்காமல் கடையில் இருக்கிற போன்தான். மிக்சி ரிப்பேர் அவருக்குப் பேருக்கு. நிஜத் தொழில், வந்ததை வந்த சூட்டோடு ஊருக்கே அனுப்புவது.

“வெண்டைக்காத் தண்ணி குடிச்சா சுகர் ஓடிரும்னு போட்டிருக்கியளே அண்ணாச்சி, நெசமா?” பக்கத்துக் கடைக்காரனான நான் ஒரு நாள் கேட்டேன்.

“எனக்கென்னடே தெரியும்? வந்துச்சு, அனுப்புனேன். நாமளே வச்சிக்கிட்டா பாவம்லா?”

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சுடலைமுத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குக் கூட்டாளி. போன சீசனில் நல்ல சாரல், அருவியில் அளவான தண்ணீர். அந்த நேரம் பார்த்து, என்றைக்கோ வந்த வெள்ளத்தின் வீடியோவை ‘இப்போது குற்றாலம்’ என்று எல்லாக் குரூப்பிலும் தட்டிவிட்டார் அண்ணாச்சி. ரூம் போட்டவர்கள் வரிசையாகக் கேன்சல் செய்தார்கள். சுடலைமுத்து திட்டக்கூட இல்லை. பிளாக் செய்துவிட்டார்.

ரூமெல்லாம் கேன்சலான சேதி மட்டும் தெரிந்து பதறிய அண்ணாச்சி, மறுநாள் காலை ‘மன்னிச்சிருலே’ என்று அனுப்பினார். ஒற்றை டிக்தான் விழுந்தது. சுடலைமுத்துவின் போட்டோவையும் காணோம். ஆள் போனால்தான் போட்டோ போகும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. எல்லாக் குரூப்பிலும் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டு, மாலையோடு ஆட்டோ ஏறினார். அவர் அழுத அழுகையை நம்பி நானும் ஏறினேன்.

லாட்ஜின் பின்பக்கம், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, கண்ணை மூடிப் பலகையில் மல்லாந்து கிடந்தார் சுடலைமுத்து. மசாஜ்காரர் எண்ணெய் எடுக்க உள்ளே போயிருந்தார். அண்ணாச்சி மாலையைப் போட்டுக் காலைக் கட்டிக்கொண்டார்.

“ஏலே சுடல, ஒன் பொழப்பக் கெடுத்துட்டேனே. மாப்பு கேக்கதுக்குள்ள போயிட்டியேலே.”

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. “கால விடுலே, வழுக்குது.”

அதற்குள் அஞ்சலியைப் பார்த்துவிட்டு, சுடலைமுத்துவின் பாவூர்சத்திரத்துச் சொந்தமெல்லாம் ஒப்பாரியோடு வேனில் வந்து இறங்கிவிட்டது. சுடலைமுத்து மாலையும் கழுத்துமாகப் போய் வரவேற்றார். வந்தது வந்தோம் என்று எல்லோரும் அருவியில் குளித்து, காலியாகக் கிடந்த ரூம்களில் தங்கினார்கள். துஷ்டி வீட்டில் எவன் வாடகை கொடுப்பான்?

சுடலைமுத்துவின் மனைவிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “இந்த மனுசனப் போயி மறுபடியும் சேத்துக்கிட்டியளே?”

“ஏட்டி, நான் செத்தா நம்ம புள்ளயளே இப்படி அழுமான்னு தெரியல. இவன எப்படிட்டி பிளாக் பண்ணி வைக்க?”

அண்ணாச்சி மூக்கைச் சிந்திவிட்டு, கூட்டாளிக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார். எனக்காகவும் இவர் ஒரு நாள் இப்படி அவசரப்பட்டு அழுதால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.